கற்பனை நாட்டுக்கு ஒரு கால ஆராய்ச்சி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் சான்றோர் வரலாறு பற்றியும் சொற்பொழிவுகள் நிகழ்வது வழக்கம். இவ்வாண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவுடன் செயலாளர் அவர்கள் சற்றே திகைத்தார். ‘வீடியோ விளையாட்டா? அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?’ என்று வினவினார். அவரை யாம் குறை கூறமாட்டோம். ஈராண்டுகளுக்கு முன்னர் யாமும் அவ்வாறே வினவியிருப்போம். எம் கருத்தை மாற்றியது எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு பிழை. பிழை செய்தவரும் யாமே. அதனை முதலில் அவையறியச் சொல்லிவிடுகின்றோம்.

எம் மகள் இந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் அவளுக்கு வேறு மொழிகள். தெருவில் வேறு மொழி. தமிழ் வீட்டுக்குள் மட்டும் வழங்கும் மொழி. ‘பசிக்கிறது’, ‘போய்வருகிறேன்’, ‘பாட்டி, நலமா?’ என்பவற்றுக்கு அப்பால் அவள் தமிழ் சென்றதில்லை. இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பெற்றோர் பலர்க்கும் இந்நிலை தெரிந்ததே. அவளிடம் தடித்த குறிப்பேடு ஒன்று இருந்தது. அதில் பெயர்களும் ஆண்டுகளும் அம்புக்குறிகளும் கிளைவிட்ட மரம்போல் வரையப்பட்ட படங்களும் நிறைந்திருந்தன. பொங்கலுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்த நாளில், பழைய செய்தித்தாள்களோடு அதனையும் சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டோம்.

மாலையில் அவள் வந்து தேடினாள். நடந்ததைச் சொன்னோம். ‘விளையாட்டுக் குறிப்புத்தானே, அம்மா?’ என்று அமைதியும் கூறினோம். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர், ‘போனால் போகட்டும், அப்பா. ஆதாரம் எல்லாம் கதைக்குள்ளேயேதான் இருக்கிறது. திரும்பவும் எழுதலாம்’ என்றாள். ஆதாரம் என்னும் சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் யாம் முதன்முறை கேட்டோம். அவ்விரவே புதிய குறிப்பேடு ஒன்றில் அவள் எழுதத் தொடங்கினாள். யாமும் அருகில் அமர்ந்தோம். அவ்வாறு பல இரவுகள் அமர்ந்து கேட்டறிந்ததையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

நாடும் மாந்தரும்

ஜப்பானின் பழந்தலைநகராகிய கியோட்டோவில் நின்டெண்டோ என்னும் நிறுவனம் உள்ளது. 1889-ஆம் ஆண்டில் பூக்கள் வரைந்த விளையாட்டுச் சீட்டுகளைச் செய்யும் தொழிலகமாகத் தொடங்கிப் பிற்காலத்தில் வீடியோ விளையாட்டுகளால் உலகப் புகழ் எய்தியது அது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெஸுகா ஆகியோர் உருவாக்கிய ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ என்னும் விளையாட்டு 1986-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்தது. இளமையில் கியோட்டோவை அடுத்த நாட்டுப்புறத்துக் குன்றுகளிலும் குகைகளிலும் திரிந்த நினைவே அதற்கு வித்தாயிற்று என்று மியாமோட்டோ கூறியுள்ளார்.

கதை எளியது. ஹைரூல் என்பது நாடு. செல்டா அந்நாட்டின் இளவரசி. லிங்க் என்பான் பச்சை உடை அணிந்த இளைஞன். கேனன் என்பான் பகைவன். வலிமை, அறிவு, துணிவு ஆகியவற்றுக்கு உரிய பொன் முக்கோணங்கள் அந்நாட்டில் உள்ளன. அவற்றைப் பகைவன் கவர முயல்வான். இளைஞன் வாளேந்தி அவனை வெல்வான். விளையாடுவோர் தம் கையிலுள்ள கருவியால் அவ்விளைஞனை நடத்திச் செல்வர். இவ்வளவே.

இது ஒருமுறையோடு முடிந்திருந்தால் ஆராய்ச்சிக்கு இடமில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது விளையாட்டுகள் இவ்வரிசையில் வந்துவிட்டன. பலவற்றில் அதே லிங்க், அதே செல்டா, அதே ஹைரூல். எனினும் அவர்கள் அதே ஆட்கள் அல்லர். ஒன்றில் நாடு மலையும் காடுமாக இருக்கும். மற்றொன்றில் கடலடியில் கிடக்கும். ஒன்றில் பகைவன் மாளுவான். மற்றொன்றில் அவன் இன்னும் பிறக்கவே இல்லை.

பெயர் மட்டும் ஏன் மாறவில்லை? 1987-இல் வந்த இரண்டாம் விளையாட்டின் கையேடே இதற்கு விடை கூறுகின்றது. முன்னொரு காலத்தில் செல்டா என்னும் இளவரசி மந்திரத்தால் மீளா உறக்கத்தில் ஆழ்ந்தாள். வருந்திய அவள் உடன்பிறந்தான், அரச குடியில் பிறக்கும் பெண்மக்கள் அனைவர்க்கும் இனி அப்பெயரையே இடுதல் வேண்டும் என்று ஆணையிட்டான் என்பது அக்கதை. பாட்டன் பெயரைத் தாங்குவோனைப் பெயரன் என்றே அழைத்த நமக்கு இவ்வழக்கம் விளங்காததன்று.

பெயர் ஒன்றாய், ஆள் பலராய் இருப்பின், இவர்களுள் முன்னவர் யார், பின்னவர் யார்? வெளிவந்த வரிசை கதை நிகழ்ந்த வரிசை அன்று. இவ்வொரு வினாவை வைத்துக்கொண்டுதான் பல நாட்டு ரசிகர்கள் பல்லாண்டுகளாக வாதிட்டு வருகின்றனர்.

சான்றின் தராதரம்

அவர்கள் எவற்றைச் சான்றாகக் கொள்கின்றனர் என்பதை அறிந்தபோதுதான் எம் ஏளனம் அகன்றது. சான்றுகள் நான்கு வகைப்படும். கதையினுள் நிகழ்வனவும் மாந்தர் கூறுவனவும் முதல் வகை. விளையாட்டோடு வரும் கையேட்டிலும் பெட்டியின் மேலும் அச்சிடப்பட்டவை இரண்டாம் வகை. படைத்தோர் நேர்காணல்களில் கூறியவை மூன்றாம் வகை. ஊர்ப் பெயர், உடை, இசை, இடிந்த கட்டடம் ஆகியவற்றின் ஒப்புமையால் உய்த்துணர்வன நான்காம் வகை. நூல், பாயிரம், ஆசிரியர் வாய்மொழி, உரையாளர் ஊகம் என்று நாம் பகுப்பதற்கு இது நிகர்.

இவை ஒன்றோடொன்று முரணினால் எதனைக் கொள்வது? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 1991-இல் ‘எ லிங்க் டு தி பாஸ்ட்’ என்னும் மூன்றாம் விளையாட்டு வந்தது. அதில் வருவோர் முதலிரு கதைகளின் லிங்குக்கும் செல்டாவுக்கும் முன்னோர் என்று அதன் ஆங்கிலப் பெட்டியிலேயே அச்சிட்டிருந்தனர். 1998-இல் ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ வந்தது. அதனையொட்டி அளித்த நேர்காணலில் மியாமோட்டோ, ஒக்கரினா முதற்கதை, அதன்பின் முதல் விளையாட்டு, அதன்பின் இரண்டாம் விளையாட்டு, இறுதியில் எ லிங்க் டு தி பாஸ்ட் என்று வரிசைப்படுத்தினார். பெட்டி ‘முன்’ என்கின்றது. படைத்தவர் ‘பின்’ என்கின்றார்!

ரசிகருள் பலர் படைத்தவர் வாய்மொழியை விட்டுப் பெட்டியின் பக்கமே நின்றனர். படைத்தவர்மேல் மதிப்பில்லாமை இதற்குக் காரணமன்று. நினைவிலிருந்து பேசிய ஒரு விடையைவிட, கதையோடு சேர்த்து ஆய்ந்து அச்சிட்டது வலிய சான்று என்பது அவர்கள் துணிபு. பிற்காலத்தில் நிறுவனமே வெளியிட்ட வரிசையும் பெட்டியின் கூற்றோடுதான் ஒத்தது.

இரு முடிவுகள்

இனி இவ்வாராய்ச்சியின் நடுநாயகமாகிய ஒக்கரினா கதைக்கு வருவோம். ஒக்கரினா என்பது வாயால் ஊதும் சிறு துளைக்கருவி. இக்கதையில் சிறுவனாகிய லிங்க் திருவாள் ஒன்றைப் பீடத்திலிருந்து உருவுகின்றான். உருவிய அளவில் ஏழாண்டுகள் உறக்கத்தில் கழிகின்றன. விழித்தெழும்போது அவன் இளைஞன். நாடோ கேனன்டார்ஃப் என்னும் கொடியோன் கையில். லிங்க் அவனை வெல்கின்றான். ஞானியர் எழுவர் அவனைச் சிறையிட்டுப் பூட்டுகின்றனர். இறுதியில் இளவரசி, இழந்த இளமையை மீண்டும் வாழுமாறு லிங்கைச் சிறுவனாக்கிப் பழங்காலத்துக்கே அனுப்பிவிடுகின்றாள்.

இங்கேதான் வினா எழுகின்றது. வீரன் மீண்ட சிறுபருவத்திலிருந்து ஒரு வரலாறு ஓடும். அவன் நீங்கிய பிற்காலத்திலும் மக்கள் இருக்கின்றனர். அங்கும் ஒரு வரலாறு ஓடுமன்றோ? ஆயின் வரலாறு ஒன்றா, இரண்டா? ஒரே கோடு என்போர் ஒரு கட்சி. கவர்விட்ட கோடு என்போர் மறு கட்சி. இவ்வழக்குப் பல்லாண்டுகள் நடந்தது.

2002-இல் வந்த ‘தி விண்ட் வேக்கர்’ என்னும் விளையாட்டில் ஹைரூல் கடலுள் மூழ்கிக் கிடக்கின்றது. அதன் முன்னுரை கூறுவது யாது? முன்பு காலத்தின் வீரன் ஒருவன் நாட்டைக் காத்தான், தீமை மீண்டும் எழுந்தபோது மக்கள் அவன் வருவான் என்று காத்திருந்தனர், அவன் வரவில்லை, அதன்பின் வெள்ளம் நாட்டை மூடிற்று. வீரன் ஏன் வரவில்லை? சிறுபருவத்துக்கு அனுப்பப்பட்டவன் அக்காலத்தில் இல்லை என்பதே பொருத்தமான விடை. அவ்விளையாட்டை இயக்கிய எய்ஜி அவோனுமாவும் ஒக்கரினாவுக்கு இரு முடிவுகள் உண்டு என்று நேர்காணலில் உரைத்தார். 2006-இல் வந்த ‘டுவைலைட் பிரின்சஸ்’ மறு கிளையைக் காட்டிற்று. அதில் கேனன்டார்ஃப் நாட்டைப் பிடிக்குமுன்பே அகப்பட்டுக் கொலைத்தண்டம் பெறுகின்றான். அத்தண்டம் நிறைவேறாது போகவே வேற்றுலகுக்குத் தள்ளப்படுகின்றான். சிறுவனாக மீண்டவன் முன்கூட்டியே எச்சரித்தான் என்று கொண்டால்தான் இது விளங்கும்.

ஒரே கோடு என்று பல்லாண்டு வாதிட்டோர் என் செய்தனர்? பிடிவாதமாக நின்றோரும் உண்டு. எனினும் பலர் தம் படங்களை அழித்து இரு கிளைகளாகத் திருத்தினர். பரிசு வழங்குவாரும் இல்லை. பட்டம் அளிப்பாரும் இல்லை. சான்று வந்தது, ஆகவே கருத்தை மாற்றினர். இந்நேர்மையை யாம் வியந்தோம்.

மூன்றாம் கிளை

இரு கிளையும் தெளிந்தபின் வேறொரு முடிச்சு இறுகிற்று. தொடக்க காலத்து விளையாட்டுகளை எக்கிளையில் வைப்பது? ஒரு கிளையில் நாடே கடலுள் மூழ்கிற்று. மறு கிளையில் பகைவன் ஞானியர் எழுவரால் பூட்டப்படவே இல்லை. எ லிங்க் டு தி பாஸ்ட் கையேடோ, ஞானியர் எழுவர் பகைவனைப் பூட்டிய பெரும்போர் ஒன்றைப் பழங்கதையாக உரைக்கின்றது. அது ஒக்கரினா நிகழ்ச்சியே என்று பலர் கொண்டனர். ஆனால் அக்கையேட்டில் ஒரு செய்தி இடறுகின்றது. திருவாளை ஏந்தத் தக்க வீரன் தேடப்பட்டான்; அவன் கிடைக்குமுன் பகைவன் படை வந்துவிட்டது; அரண்மனை மறவர் பலர் பொருது மடிந்தனர் என்று அது கூறுகின்றது. ஒக்கரினாவில் வீரன் இருக்கின்றான். கையேட்டில் வீரன் இல்லை. இதனை எவ்வாறு பொருத்துவது?

2011-ஆம் ஆண்டு டிசம்பரில், வரிசையின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி, ‘ஹைரூல் ஹிஸ்டோரியா’ என்னும் நூலை ஜப்பானில் வெளியிட்டனர். 2013-இல் அதன் ஆங்கிலப் பதிப்பு வந்தது. காலவரிசைப் பட்டியல் முதன்முறை முழுமையாக அச்சேறியது அதில்தான். ஒக்கரினாவிலிருந்து கிளைகள் இரண்டன்று, மூன்று என்றது அந்நூல். வீரன் வென்று சிறுவனாக மீண்டது ஒன்று. அவன் நீங்கியபின் தொடர்ந்தது ஒன்று. இறுதிப் போரில் வீரன் தோற்றுவிட்டான் என்பது மூன்றாவது. தோல்விக்குப்பின் ஞானியர் இறுதி முயற்சியாகப் பகைவனைப் பூட்டினர்; அக்கிளையில்தான் பழைய விளையாட்டுகள் அமைகின்றன என்றது.

இதனைக் கேட்டு அமைதியுற்றோர் சிலர், சினமுற்றோர் பலர். சினத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. சிறுவன் மீண்டதையும் வீரன் நீங்கியதையும் விளையாடினோர் அனைவரும் கண்ணால் கண்டனர். வீரன் தோற்று வரலாறு தொடர்ந்ததை எவ்விளையாட்டும் காட்டவில்லை. மேலும், ஒவ்வொரு விளையாட்டிலும் விளையாடுவோர் நூறுமுறை தோற்று மீள்வர். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு கிளை வேண்டாவா? ஒக்கரினாவுக்கு மட்டும் ஏன்? இவ்வினாவுக்கு இன்றும் நேரான விடை இல்லை. எனினும் ‘வீரன் இல்லை’ என்னும் கையேட்டுச் செய்தியை ஓரளவேனும் விளக்க வல்லது அம்மூன்றாம் கிளையே என்பதையும் மறுத்தல் இயலாது.

கை விட்ட படகு

எம் மகளின் குறிப்பேட்டுக்கு வருவோம். பழைய குறிப்பேட்டில் அவள் மிகவும் விரும்பி வரைந்திருந்தது ஒரு படகு. 2001-இல் வந்த ‘ஆரகிள்’ இரட்டை விளையாட்டுகளின் முடிவில் லிங்க் படகேறிக் கடலில் செல்கின்றான். 1993-இல் வந்த ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ கதை, கடலில் புயலிற் சிக்கிப் படகு உடைந்த லிங்கோடு தொடங்குகின்றது. அதே படகு, அதே பயணம் என்று ரசிகர்கள் பலர் கொண்டனர். 2011-இல் வந்த நூலும் ஆரகிள் முதலிலும் அவேக்கனிங் பின்னரும் வரும் வகையில் வைத்து, எ லிங்க் டு தி பாஸ்ட் வீரனே அவ்வீரன் என்றது.

ஆனால் ஒரு தடை இருக்கின்றது. ஆரகிள் கதையில் இளவரசியும் லிங்கும் முதன்முறை சந்திப்பவர்போலப் பேசுகின்றனர். எ லிங்க் டு தி பாஸ்ட் வீரனோ இளவரசியைச் சிறையிலிருந்து மீட்டவன். அவர்கள் புதியோராதல் எங்ஙனம்? பின்னாளில் நிறுவனமே பட்டியலைத் திருத்தி அவேக்கனிங் கதையை ஆரகிளுக்கு முன்னர் வைத்தது. ஆரகிளில் வருபவன் வேறொரு லிங்க் ஆனான்.

புதிய குறிப்பேட்டில் இவ்விடம் வந்தபோது மகள் எழுதுகோலை வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தாள். ‘அந்தப் படகு எனக்கு ரொம்பப் பிடிக்கும், அப்பா’ என்றாள். ‘பிடித்தால் வைத்துக்கொள்ளேன், யார் கேட்கப் போகிறார்கள்?’ என்றோம். ‘பிடிக்கிறது என்பது ஆதாரம் ஆகாதே’ என்று விடையிறுத்துப் படகு இல்லாமலே கோட்டை வரைந்தாள். அன்பர்களே, எடைக்குப் போன குறிப்பேட்டின் மதிப்பு எமக்கு அக்கணத்தில்தான் விளங்கிற்று.

ஒரு கல் உப்பு

2017-இல் ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ வந்தது. பழைய கதைகளெல்லாம் தொன்மமாகிப் போன மிகப் பிற்காலம் அது; பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததே அங்குப் பழங்கதை. இது மூன்று கிளைகளுள் எதனைச் சார்ந்தது? இங்கேதான் ரசிகர்களின் கூர்த்த பார்வையைக் காண்கின்றோம். சமையலுக்கு இடும் உப்புக்கல் ஒன்று அவ்விளையாட்டில் கிடைக்கின்றது. அது பழங்காலக் கடலிலிருந்து விளைந்தது என்று அதன் குறிப்புக் கூறுகின்றது. மலைநாட்டில் கடலுப்பு ஏது? முன்னொருகால் வெள்ளம் மூடியதற்கு அதுவே சான்று என்றனர் சிலர். ரீட்டோ எனப்படும் பறவை மாந்தரும் அங்கு வாழ்கின்றனர். அவ்வினத்தார் முதன்முதல் தோன்றியது வெள்ளக் கதையில். ஆகவே இது வெள்ளக் கிளையே என்பது அவர்தம் வாதம்.

மறுப்போர் சும்மா இருப்பரோ? எல்லாக் கடலும் அவ்வெள்ளமாகுமா என்று வினவினர். மேலும், அதே விளையாட்டில் இளவரசி வீரனை வாழ்த்தும் சடங்கில் வானத்தையும் காலத்தையும் அந்தியையும் குறிப்பிடுகின்றாள். அந்தி என்றது டுவைலைட் பிரின்சஸ் கதையையே எனின், அது மறு கிளைக்கு உரியதாயிற்றே! கிளைகள் அனைத்தும் பிற்காலத்தில் ஒன்றாகக் கலந்தன என்று மூன்றாமவர் கூறினர். நிறுவனமோ இவ்விளையாட்டையும் இதன் தொடர்ச்சியையும் எக்கிளையோடும் இணைக்காமல் தனியே நிறுத்திவிட்டது.

தொடர்ச்சியாகிய ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ 2023-இல் வந்து முடிச்சை மேலும் இறுக்கிற்று. அதில் ராரு என்பவன் ஹைரூலின் முதல் அரசனாகக் காட்டப்படுகின்றான். முதல் அரசன் எனின், அவன் ஒக்கரினாவுக்கும் முற்பட்டவனா? அன்றி, பழைய நாடு அழிந்தபின் புதிதாக நிறுவப்பட்ட ஹைரூலின் முதல்வனா? ‘முதல்’ என்னும் சொல்லை நேர்பொருளில் கொள்வோர் முன்னதைச் சார்வர். பின்னதைச் சார்வோரோ, அவ்வரசன் காலத்து ஞானியருள் ரீட்டோ இனத்தார் ஒருவர் இருப்பதைச் சுட்டுகின்றனர். வெள்ளத்துக்குப் பின் தோன்றிய இனத்தார், வெள்ளத்துக்கு முற்பட்ட அவையில் அமர்தல் எங்ஙனம் என்பது அவர் வினா. வழக்கு இன்னும் தீரவில்லை.

வீண் உழைப்பா?

இனி நம்மிற் பலர் உள்ளத்தில் எழும் தடையைக் கூறுவோம். ‘இது முழுதும் புனைவு. படைத்தோர் முதலில் விளையாடும் முறையை வகுத்துப் பின்னரே கதையைப் பொருத்துவதாக அவர்களே சொல்லியிருக்கின்றனர். இல்லாத வரிசையைத் தேடுவது கானல்நீரைத் தேடுவதன்றோ?’ என்று நீங்கள் கேட்கலாம்.

ரசிகருள்ளேயே இவ்வாறு கேட்போர் உண்டு. தொடரின் பெயரிலேயே பழங்கதை என்னும் பொருளுடைய சொல் இருத்தலால், இவை யாவும் ஒரே பழங்கதையைப் பலர் பலவாறு சொன்ன வடிவங்கள், முரண்பாடு இயல்பே, வரிசை வேண்டா என்பர் அவர். சிந்திக்கத் தக்க கருத்தே இது. ஆனால் ஒரு கதையின் வீரன் அதே வீரனாக அடுத்த கதையில் தொடரும் இடங்கள் உள்ளன. ஒக்கரினாவின் சிறுவனே 2000-ஆம் ஆண்டு வந்த ‘மஜோராஸ் மாஸ்க்’ கதையில், பிரிந்த தோழமையைத் தேடிக் குதிரையேறிச் செல்கின்றான். இவற்றையேனும் வரிசைப்படுத்தாமல் விடுதல் இயலாது. எங்கு வரிசை உண்டு, எங்கு இல்லை என்று வரையறுப்பதும் ஆராய்ச்சியே.

2011-இல் பட்டியல் வந்தபோது, ‘ரசிகர் உழைப்பெல்லாம் இனி எதற்கு? உரியவரே சொல்லிவிட்டார்’ என்றோர் உண்டு. அப்பட்டியலோ தன்னை முடிந்த முடிபு என்று கூறிக்கொள்ளவில்லை. கதைகளும் கதை சொல்வோரும் மாறுந்தோறும் வரலாறும் மாறக்கூடும் என்னும் கருத்து அந்நூலிலேயே இருக்கின்றது. சில ஆண்டுகளில் அதன் ஒரு பகுதி மாறவும் செய்தது. பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு அம்மாற்றம் ஒரு குழப்பம். இளவரசியின் பேச்சைக் கேட்டு ஐயுற்றவனுக்கோ அது எதிர்பார்த்த ஒன்று. உரியவர் சொன்னார் என்று ஏற்பதற்கும், ஏன் என்று அறிந்து ஏற்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பொருள் புனைவாயினும் பழக்கம் புனைவன்று. சான்றைத் தேடுதல், தராதரம் அறிதல், எதிர்க்கட்சியின் வலிமையைக் கூறுதல், விருப்பத்தைச் சான்றென மயங்காமை, பிழையெனக் கண்டால் அழித்து வரைதல் ஆகிய இவற்றை எம் மகளுக்கு யாம் கற்பிக்கவில்லை. பள்ளி கற்பித்ததாகவும் தெரியவில்லை. வயதும் நாடும் வேறான ரசிகர் கூட்டம் ஒன்று, ஒரு கற்பனை நாட்டின்மேல் வைத்த அன்பினால், தானே பழகித் தனக்குப்பின் வருவோர்க்கும் பழக்கிற்று.

இன்னொன்றும் உண்டு. அவ்விரவுகளில் அவள் எம்மோடு தமிழில் வழக்காடினாள். ‘முன்னோர்’ என்பதற்குச் சொல் கேட்டாள். ‘முரண்’ என்பதற்குச் சொல் கேட்டாள். ‘வெள்ளம்’ என்பதைத் தானே நினைவுகூர்ந்தாள். நல்ல தமிழ் பேசு என்று யாம் பதினாறு ஆண்டுகள் இடித்துரைத்தும் வாராத தமிழ், சொல்லியே ஆகவேண்டிய செய்தி ஒன்று அவளிடம் இருந்தபோது வந்தது. எம் வினாக்கள் அவ்வளவும் இதுகாறும் ‘சாப்பிட்டாயா?’, ‘படித்தாயா?’ என்பவையே. அவற்றுக்கு ஒரு சொல்லில் விடை போதும் அன்றோ?

ஆகவே பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையின் மேசைமீது விளங்காத படங்கள் நிறைந்த குறிப்பேடு ஒன்று கிடந்தால், அதனை எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். அருகில் அமர்ந்து, ‘இதை ஏன் இதற்குமுன் வைத்தாய்?’ என்று தமிழில் கேளுங்கள். விடை நீளமாக வரும், நடுவில் வேற்றுச் சொற்கள் கலக்கும், பொறுத்துக் கேளுங்கள். எம் மகள் இன்று இவ்வவையின் பின்வரிசையில் தன் புதிய குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கின்றாள். யாம் இதுவரை கூறியவற்றில் பிழை இருப்பின், கூட்டம் முடிந்ததும் அவள் சொல்லக்கூடும். ராரு அரசன் முந்தியவனா பிந்தியவனா என்பதில் எமக்கும் அவளுக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. உங்கள் பிள்ளைகளுள் யாரேனும் அவ்வழக்கில் சேர விரும்பினால், அவளிடம் சென்று பேசலாம். தமிழிலேயே பேசலாம்.